'பார்க்கலாம்' என்றொரு நோய்

எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டர் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டம். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பிறந்து மூன்று நாளான குழந்தைக்குத் தொழில் என்ற கட்டத்தில் 'ஓய்வு' என்று பதிந்தவர். பக்கத்துக் கவுண்டரில் இருபது வருடமாக உட்கார்ந்து நான் பார்த்த சாதனைகள் இப்படி நிறைய.

அவரிடம் ஒரு தையல்காரம்மா மூன்றாவது முறையாக வந்து நின்றார். ஒன்பது வயது மகளுக்குக் கால் துவண்டு நான்கு வருடமாகிறது. என்ன நோய் என்று எந்தப் பரிசோதனையிலும் பிடிபடவில்லை. சக்கர நாற்காலி இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்கிறது பள்ளிக்கூடம். நாற்காலிக்கு மனுப் போட்டால், நோயின் பெயர் இல்லை என்று கம்ப்யூட்டர் திருப்பிவிடுகிறது. பெயர் வைக்காத நோய் நின்றுகொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. சேர்க்கை முடிய இரண்டே வாரம்.

"டாக்டர் என்னதாம்மா சொல்றாரு?" என்றார் அக்கா.

"நாலு வருஷமா 'பாக்கலாம்'னுதான்க்கா சொல்றாரு."

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நோயின் பெயர்: பார்க்கலாம். தட்டினார். கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. பத்தாம் நாள் நாற்காலி வந்து இறங்கியது. மகள் பள்ளிக்குப் போனாள்.

செய்தி காதோடு காதாகப் போனது. அதேபோல் அலைந்துகொண்டிருந்த இன்னும் பதினாறு குடும்பங்கள் தேடி வந்தன. அக்கா எல்லோருக்கும் பார்க்கலாம் போட்டார்.

அப்போதுதான் தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. ஒரு பிள்ளை நான்கு வருடம் நடக்காதபோது அசையாதவர்கள், புது நோய் பதினேழு பேருக்குப் பரவிவிட்டது என்றதும் பதறியடித்துக்கொண்டு ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "இது தொத்துமா?" பதினேழு குடும்பமும் விசாரணைக்கு வர வேண்டுமாம். டாக்டர் உறுதி செய்யாவிட்டால் கொடுத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை உருவியிருப்பேன்.

விசாரணை அன்று மகள் பள்ளிச் சீருடையில் வந்து, நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி டாக்டரை வழிமறித்தார்.

"சார், இப்படி ஒரு நோய் இருக்கா?"

டாக்டருக்கு வார்டுக்குப் போகும் அவசரம். வாய்ப்பழக்கம் விடுமா?

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அதிகாரி தன் படிவத்தைப் பார்த்தார். அவரிடமும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'நோயின் பெயரை மருத்துவர் உறுதி செய்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் தன் மகளோடு இருந்த ஒரு லாரி டிரைவர் தயங்கித் தயங்கித் தையல்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க பொண்ணுக்கும் வெயில் ஏறினா கை நடுங்குமாங்க?"

"ஆமாங்க! உங்க பொண்ணுக்குமா?"

உலகத்திலேயே தன் மகள் ஒருத்திக்குத்தான் இப்படி என்று நான்கு வருடம் நினைத்திருந்தவர் அவர். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டிரைவரும் அழுதார். நானும்தான் அழுதேன், அதற்கென்ன இப்போது?

கட்டம் அக்கா ஒரு வெற்றுப் படிவத்தைத் திருப்பிப்போட்டு, பதினேழு கட்டம் போட்டு, எல்லோருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை பாக்கலாங்க," என்றார் டிரைவர்.

"கண்டிப்பா பாக்கலாம்," என்றார் தையல்காரம்மா.

நான்கு வருடத்தில் அந்த வார்த்தையோடு ஒரு கிழமையும் சேர்ந்து வந்தது அன்றைக்குத்தான்.