சிவப்புக் கோடு போட்ட ஏழு சொற்கள்

ஜூலை 12, சனிக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேயிலை கொதிக்கவைத்துத் தேத்தண்ணி, பேப்பர், ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர். ஏழரைக்கு டயரியில் முதல் நாள் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். இரண்டு மணிக்கு மாத்தளையிலிருந்து யட்டவத்தை பஸ் ஏறினேன் — பாட்டுக் கேட்க!

சும்மா பாட்டு இல்லை. போதைத் தடுப்பு விழிப்புணர்வு இசை மாலை. பாடுகிறவர் என் பக்கத்து வீட்டு சிவநேசன். முப்பது வருடங்களாகக் கல்யாண வீடுகளில் பாடுகிறார். தண்ணிப் பாட்டுகளில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. குடித்தவர்கள்தான் மேடையேறி அவருடைய மைக்கைப் பிடுங்குவார்கள்.

அதனாலேயே மகள் தர்ஷினிக்கு மேடை கிடைக்கவில்லை. அருமையாகப் பாடுகிற பிள்ளை. "குடிகாரங்க ஆடுற எடத்துல என் பிள்ள பாடாது" என்று அவளுடைய அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். யட்டவத்தையில் நன்றாக அமைந்தால், பாடசாலைகளில் நடக்கும் நிகழ்ச்சிகளும் இவர்களுக்கே. தர்ஷினியும் தொடர்ந்து பாடலாம்.

ஒழுங்கு செய்தவர்களின் ஒரே நிபந்தனை. மது, கஞ்சா, சிகரெட் — எந்தச் சொல்லும் மேடையில் வரக்கூடாது.

"அண்ணே, எதையும் ஒழுங்கா பாக்கிற ஆளு நீங்கதான்" என்று போன வாரம் பத்துப் பாட்டுகளைக் கொண்டுவந்தார் சிவநேசன். மூன்று பாட்டுகளில் ஏழு சொற்களுக்குச் சிவப்புக் கோடு போட்டேன்.

"அந்த மூணையும் விட்டுடுங்களேன்?"

"அத விட்டா சனம் எழும்பிப் போயிரும்ண்ணே."

"அப்ப அந்த எடத்துல வாய மூடிக்குங்க. டிரம்ஸ் மட்டும் அடிக்கட்டும்."

டிவியிலும் அப்படித்தானே செய்கிறார்கள்? யோசித்துப் பாருங்கள். நம் இளவயதுப் பாடல்களில் கதாநாயகன் போத்தலும் கையுமாகத்தான் அழுவான். பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. போத்தலை மங்கலாக்கினார்கள். கீழே எச்சரிக்கை வரி ஓடியது. சொல்லை ஊமையாக்கினார்கள். பாட்டு எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? போத்தலில் இருந்த போதையை அப்படியே காதலியின் கண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணுக்கு எந்தச் சட்டம் இருக்கிறது?

நான்கு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. தர்ஷினியின் பாட்டுக்கு நல்ல கைதட்டல். அடுத்தது சிவநேசன். முதல் சிவப்புக் கோடு வந்தது. வாயை மூடினார். டிரம்ஸ் அடித்தது. மண்டபம் முழுவதும் ஒரே குரலில்...

"சாராயம்!"

பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த அம்மாமார், கதவோரம் நின்ற வயதான ஐயா — ஒருவர் பாக்கியில்லை. நான்? டயரி எழுதுகிறவன் பொய் சொல்லக்கூடாது. நானும்தான். ஏழு தடவையும்.

முடிந்ததும் நிகழ்ச்சியை ஒழுங்கு செய்த அம்மையார் சிவநேசனிடம் வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சேர், மகள் நல்லா பாடினாங்க. ஆனா அந்தச் சொல்ல இவ்வளவு சத்தமா நான் எந்தக் கல்யாண வீட்லயும் கேட்டதில்ல. அடுத்த சனிக்கிழம மாத்தளையில இன்னொரு தடவ பாடிப் பாருங்க. மறுபடியும் இப்படின்னா வேற குழுவத்தான் கூப்பிடணும்."

திரும்பும் பஸ்ஸில் சிவநேசன் பாட்டுத் தாள்களை என் மடியில் வைத்தார். தர்ஷினி என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, வெறுமனே விட்டா தெரிஞ்சதத்தான் போடுவாங்க. வேற சொல்லு எழுதிக் குடுங்க. செவப்புப் பேனாவ மட்டும் தொட்டுடாதீங்க."

அவள் சொன்னது சரிதான். அழிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். அழித்த இடத்தில் என்ன வைப்பது என்றுதான் யோசிப்பதில்லை.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பேப்பர் பார்க்கவில்லை, செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. நீலப் பேனாவை எடுத்து முதல் சிவப்புக் கோட்டுக்கு மேலே 'தேத்தண்ணி' என்று எழுதினேன். பாடிப் பார்த்தேன். தாளத்தில் சரியாக உட்கார்ந்தது. அதன் பிறகுதான் என் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.