ஒட்டுப்போட்ட பாட்டு

பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டித்தான் எங்கள் வீடு. முன்னறையில் செல்போனுக்குக் கேரளத்து டவர் கிடைக்கும்; அடுக்களைக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். பாட்டு கேட்கிற செயலி ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு இது வசதி. டவர் மாறும்போது பாட்டு திக்குகிறதா என்று பார்க்க நான் பஸ் ஏற வேண்டாம். காப்பி போடப் போனால் போதும்.

நாங்கள் மார்தட்டிக்கொண்ட வேலையும் அதுதான். பாட்டு செல்போனுக்குத் துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு துண்டு கெட்டுப்போனால் பழைய செயலி அப்படியே நின்றுவிடும். புதியதில் கெட்ட துண்டைத் தள்ளிவிட்டு, முன்னதையும் பின்னதையும் ஒட்டிவிட்டோம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நானே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒட்டு தெரியவில்லை.

அப்போதுதான் ஊர் கிளப்பின் ஓணப் போட்டிக்காக, பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைதட்டி ஆடும் திருவாதிரைக்களிக்கு என் மனைவி ஒத்திகை தொடங்கினாள். முதல்முறையாக அவள் நடத்துகிற குழு. முந்தின ஓணத்தில் அடி தவறி, வட்டம் கலைந்து, பாதியிலேயே மேடையை விட்டு இறங்கியவர்கள். ஊர்க் கேலி இன்னும் ஓயவில்லை. இன்னொரு தடவை தவறினால் வெளியே தலைகாட்ட முடியாது என்று அவள் பயந்தாள்.

"பென்டிரைவ் போதும் மக்கா," என்றார் குழுவில் மூத்தவரான பக்கத்து வீட்டு அக்கா.

"எங்க வீட்டு ஆப்பு இருக்கச்ச பென்டிரைவ் எதுக்கு?" என்றாள் இவள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

எங்கள் முற்றத்தில், செயலியில் இறக்கிவைத்த பாட்டோடு ஒத்திகை. ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால் எட்டுப் பேரின் கைகளும் பிந்தின.

"பாட்டு இங்கின சாடுது," என்றாள். தாவுகிறதாம்.

"சாடல்ல. நான் கேட்டுப் பாத்தாச்சு."

"உங்களுக்க காதுக்குத் தெரியாது. எனக்க காலுக்குத் தெரியுதாக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதையும் பார்த்துவிடுவோம் என்று நானும் வட்டத்துக்கு வெளியே நின்று தாளத்துக்குத் தட்டினேன். அந்த இடம் வந்தது. என் கைகள் சேருவதற்குள் பாட்டு முந்திப் போய்விட்டது. கெட்ட துண்டோடு அதற்குரிய நேரத்தையும் வெட்டி எறிந்திருக்கிறோம். உட்கார்ந்து கேட்பவனுக்கு அது பெரிதில்லை. ஆடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? மறுபடி பாட்டை இறக்கினால் வேறோர் இடத்தில் கெட்டது.

அந்த நேரத்தை அப்படியே விட்டுவைக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னேன். துண்டு கெட்டால் அந்த இடத்தில் ஒலி மெல்ல அடங்கி, சரியான நேரத்துக்கு மறுபடி எழும். "பாட்டுக்கு நடுவில் மௌனமா?" என்று முகம் சுளித்தார்கள். வாதாடித்தான் சம்மதிக்க வைத்தேன். மாற்றியதை அவளிடமும் சொன்னேன்.

போட்டி நாளில் பென்டிரைவையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

மேடையில், வேகம் கூடிய இடத்தில், ஒலி அடங்கியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்த அமைதியில் எட்டுப் பேரின் கைத்தட்டும் ஒரே சத்தமாக விழுந்தது. அடுத்த அடிக்குக் கால்கள் இறங்கியபோது பாட்டும் வந்து சேர்ந்தது. வட்டம் கலையவில்லை.

இறங்கி வந்தவளிடம், என் பயம் இன்னும் தீராமல், "பாட்டு அடங்கினப்ப பேடிச்சியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பேடிக்கணும்?" என்றாள். "நீங்க ஒட்டினதுல்லா, வந்து சேரும்னு தெரியும்."