அப்பாவின் பெயர் ரெயிலர்

எங்களுக்கெல்லாம் மூத்தவராய்ப் பிறந்து, எல்லோருக்கும் முந்தி இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த அக்கா, ஆண்டவரிடமும் முந்திக்கொண்டு போய் ஓராண்டாகிறது. எனக்கு இன்னும் கோபம்தான், என்ன செய்ய?

மன்னாரில், கடற்றொழில் செய்த அப்பாவின் தலைப்பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பாவின் பெயர் ரெயிலர். அவர் பிறந்தபோது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய வெள்ளைக்கார டாக்குத்தரின் குடும்பப்பெயரை, நன்றிக்கு அப்பாவுக்கே வைத்துவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் எங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இத்தாலியில் அதுவே எங்கள் குடும்பப்பெயரும் ஆயிற்று.

பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் குடியேறிய அக்காவை நம்மவர்கள் "ரெயிலர் அக்கா" என்றார்கள். பிறகென்ன, ஆங்கிலத்து டெய்லரையும் நாங்கள் ரெயிலர் என்றே சொல்வதால், தையற்காரி என்று நினைத்துத் துணியோடு கதவைத் தட்டத் தொடங்கினார்கள்! அக்காவுக்குப் பொத்தான் தைக்கவும் வராது.

பொலிதேயாமாப் பக்கத்தில் அவர் வேலை செய்த வீட்டின் இத்தாலிக்கார அம்மா, நாங்கள் சிஞ்ஞோரா என்பவர், ஆங்கிலம் படிப்பித்தவர். இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தக் காலத்து ஆங்கிலேய ஊர்களில் ஒரே பெயரில் பலர் இருந்ததால், தையற்கார ஜான், கொல்லன் ஜான் என்று தொழிலையும் சேர்த்துக் கூப்பிட்டார்களாம். பிள்ளைகள் ஊசியை விட்ட பின்பும் பெயர் விடவில்லை. ரெயிலர் என்ற சொல்லே, பழைய பிரெஞ்சில் துணி வெட்டுபவனுக்கு இருந்த சொல்லிலிருந்து வந்ததாம். "என் குடும்பப்பெயர் ஃபெராரோவுக்கும் கொல்லன் என்றுதான் அர்த்தம். எங்கள் வீட்டில் சுத்தியலைத் தொட்டவர் எவருமில்லை" என்றாராம்.

பிறகு ஊரில் அப்பா இறந்தார். அக்காவின் பெர்மெசோ, இங்கே வசிக்கத் தரும் அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கக் கொடுத்துக் கிடந்தது; அது கைக்கு வராமல் ஊருக்குப் போக முடியவில்லை. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத ஏக்கம் அவரைச் சாகும்வரை விடவில்லை.

"நீங்கள் தைக்கிற ஆள் இல்லையெண்டு சனத்துக்குச் சொல்லுங்கோவன் அக்கா" என்று சண்டை பிடித்தேன்.

"போடி விசரி, சொல்லமாட்டன். அவை கூப்பிடேக்கை அப்பாவைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. அங்கை இப்ப ஆர் அந்தப் பேரைச் சொல்லுகினம்?"

கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், பழைய மெசின் ஒன்று வாங்கித் தைக்கப் பழகினார்! முதல் சட்டையில் ஒரு கை நீளம், மறு கை கட்டை. அதைப் போட்டுக்கொண்டே கோயிலுக்கு வந்த புண்ணியவதி நீடு வாழ்க.

படுக்கையில் விழுந்த பின்பும் வாசலில் "ரெயிலர் அக்கா!" என்று கேட்டால், "ஓம், வாறன்" என்பார். எழும்ப முடியாது. முகம் மட்டும் மலரும். அதைப் பார்த்து நான் குசினிக்குள் போய் அழுதிருக்கிறேன்.

அவருக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், செபமாலை சொன்ன பங்கு மக்களுக்கும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போன சிஞ்ஞோராவுக்கும் எங்கள் நன்றி. ஒரு உதவி இன்னும் வேண்டும். அத்தானும் பிள்ளைகளும் வேறு பெயர்க்காரர். இந்த நகரத்தில் அந்தப் பெயரோடு மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். இனி என்னை ரெயிலர் என்றே கூப்பிடுங்கள். எனக்குத் தைக்க வராது, வரப்போவதுமில்லை. ஆனால் ஒருமுறை கூப்பிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் கேட்கும்.