கீல் வைத்த நட்டு

எங்கள் ஊர் வடிகால் வாய்க்காலில் ஒரு ஷட்டர் உண்டு. முத்துப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போகிற தண்ணீர் அது வழியாகத்தான் போக வேண்டும். மழை இல்லாத மாதங்களில் கடல் ஏத்தம், அதாவது கடல் பொங்கித் தள்ளுகிற தண்ணீர், வாய்க்காலில் ஏறி வரும், உப்புத்தண்ணீர் வயலுக்குள் புகுந்துவிடும். அப்போது ஷட்டரை இறக்கி வைப்போம். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் கட்டினால் தூக்கிவிடுவோம்.

தண்ணீரை மறிக்கிற பலகை இரும்பு. அதன் நடுவில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு ராடு, நெடுக மரை, அதாவது திருகு வரி, போட்டது. மேலே இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு சட்டம். சட்டத்தின் மேல் ஓர் இரும்புக் கூடு, முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். கூட்டுக்குள் ராடைச் சுற்றி ஒரு பெரிய நட்டு. நீளச் சாவியை அதில் மாட்டித் திருப்பினால் ராடு ஏறும், இறங்கும்.

சாவி வருசத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். ஆடிப்பெருக்கு அன்று கைமாறும். அந்த வருசம் எங்கள் முறை. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வீக்கம், வழுக்குகிற கரையில் நடக்க முடியாது. அதனால் நான்தான் போய்த் திருப்பிவிட்டு வருவேன். வெயில் ஏறும் முன்பே போய்விடுவேன். நாலு பேர் நின்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது.

புரட்டாசிப் பௌர்ணமிக்கு ஏத்தம் பெரிதாக வந்தது. போய்ப் பார்த்தால் பலகைக்கு அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வருகிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. பத்தடி தள்ளி எங்கள் நாற்றங்கால். சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரு சுற்று வந்தது, அப்புறம் அசையவில்லை. கசிவும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய், வேலிக்கால் அடிக்கிற சம்மட்டியைத் தூக்கி வந்தேன். வேலிக்கால் இறங்கவில்லை என்றால் தலையில் அடிப்போம், இறங்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ராடின் தலையில் அடித்தேன். பதினைந்து, இருபது அடி இருக்கும். கசிவு குறைந்தது. ராடின் தலை காளான் மாதிரி விரிந்து போயிருந்தது. அதைப் பார்த்ததும் பக்கென்றது. யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நடவு முடிந்து இருபது நாள் ஆன பயிர். இரண்டாம் நாள் நுனி மட்டும் தெரிந்தது, மூன்றாம் நாள் அதுவும் இல்லை. ஆட்கள் சாவியோடு ஷட்டருக்குப் போனார்கள். கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, திருப்பினார். நட்டு சும்மா சுற்றியது. ராடு ஏறவே இல்லை. நட்டுக்குள் மரை அறுந்து போயிருந்தது. வேறு நட்டு போடலாம் என்றால், தலை விரிந்த ராடில் எந்த நட்டும் நுழையாது.

"எவன்டா இப்படி அடிச்சு நசுக்குனது?" என்று கொழுந்தனார் கத்தினார்.

எல்லோரும் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள். ஷட்டருக்கு வெளிப்பக்கம், கடல் பார்த்த பக்கம், ஒருவருக்கு இரண்டு ஏக்கர் உண்டு. நாங்கள் தூக்கினால் முதல் தண்ணீர் அவர் வயலில்தான் ஏறும். போன வருசம் அவர், "என்னையும் ஒரு வார்த்த கேட்டுட்டுத் தூக்குங்கய்யா" என்று சொல்லியிருந்தார். அது போதுமாக இருந்தது. அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஏசினார்கள். அவர் பிள்ளைகளைக் கூட விட்டுவைக்கவில்லை. பெண்களோடு பெண்ணாக நானும் தெருமுனையில் நின்றேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வயலும் என்னால் முழுகிக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கரையை வெட்டிவிட முடியாது. வெட்டினால் அடுத்த ஏத்தத்துக்கு உப்பு உள்ளே வரும், அந்த நிலம் அப்புறம் எத்தனை வருசத்துக்கு விளையாதோ. இயந்திரம் கொண்டுவந்து தூக்கலாம் என்றால் கரைச் சேற்றில் வண்டி இறங்காது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும்.

என் மகள் தஞ்சாவூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பாலிடெக்னிக் படித்தவள். வீட்டுக்காரர் அவளுக்குப் போன் போட்டார். அவள் என்னைத்தான் கேட்டாள்.

"அம்மா, ஒரு வெள்ளத்தாள ராடு மேல சுத்தி, பென்சில படுக்க வச்சுத் தேய். மரையோட வரி அப்படியே விழும். ஸ்கேலப் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பு."

கொழுந்தனார் குடை பிடிக்க, நான் தேய்த்தேன். "அண்ணி, சின்னப்புள்ள வீட்டுப்பாடம் எழுதுறாப்புல இருக்கு" என்று அவர் சிரித்தார். போட்டோவைப் பார்த்துவிட்டு மகள் மறுபடி கூப்பிட்டாள்.

"தல எப்படிம்மா இப்படி ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்" என்றேன். பெற்ற மகளிடம் நான் சொன்ன பொய்.

"தலய வெட்டி எடுத்துட்டா?" என்று கொழுந்தனார் கேட்டார்.

"சட்டத்துக்கு மேல ஒரு சாண்தான் நிக்குது, சித்தப்பா. அடி வாங்குன மரையப் பூரா வெட்டுனா நட்டு பிடிக்க ஒண்ணும் மிஞ்சாது. நான் வேற மாதிரி செஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

மறுநாள் மத்தியானம் திருவாரூர் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். அரிசிப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். பெரிய நட்டு ஒன்றை நடுவில் இரண்டாக அறுத்து, ஒரு பக்கம் கீல் வைத்திருந்தாள். பாக்குவெட்டி போலத் திறந்தது. தலை வழியாக நுழைக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் கொண்டுபோய் ராடைக் கவ்வ வைத்து மூடிவிடலாம். மூடின வாயில் குறுக்கே ஒரு போல்ட்டு. ராத்திரி உட்கார்ந்து செய்தாளாம். கண் சிவந்திருந்தது.

மழை விட்டிருந்தது. ஏத்தம் வடிகிற நேரம், வெளிப்பக்கம் தண்ணீர் தாழ்ந்திருந்தது. மறுபடி ஏறுவதற்குள் திறக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள். வெளிவயல்காரரும் தள்ளி ஓர் ஓரமாக நின்றார். பழைய நட்டை உளி வைத்துப் பிளந்து எடுத்தார்கள். மகள் சட்டத்தின் மேல் குப்புறப் படுத்து, ஒற்றைக் கையைக் கூட்டுக்குள் விட்டு, புது நட்டை ராடில் கவ்வ வைத்தாள். டக் என்று மூடிக்கொண்டது. போல்ட்டை இறுக்கினாள். அவள் முகத்துக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

சாவியை வாங்கியவள் நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணு தெரியணும். தலையில அடிச்சப்ப பலக மேல நின்னுச்சா, தரையில உக்காந்திருந்துச்சா?"

"ஏம்மா, அது இப்ப எதுக்கு?" என்றார் கொழுந்தனார்.

"உக்காந்ததுக்கப்புறம் அடிச்சிருந்தா ராடு அடியில வளைஞ்சிருக்கும், சித்தப்பா. வளைஞ்சது தூக்கறப்ப சிக்கும். சிக்குனா பாரம் பூரா இந்தக் கீலுக்கு வரும். பிச்சுக்கிட்டு என் மூஞ்சிலதான் அடிக்கும்."

"அந்தா நிக்கிறாரே, அவரக் கேளு. அடிச்சவருக்குத்தான தெரியும்."

வெளிவயல்காரர், "எம்பிள்ளைங்க மேல சத்தியமா நான் இந்தப் பக்கமே வரலய்யா" என்றார்.

"அப்ப ஷட்டர் தானா அடிச்சுக்கிச்சா?" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

மகள், "சரி விடுங்க, நேரமாவுது. பாத்துக்கலாம்" என்று சாவியை மாட்டினாள்.

அவள் நெற்றியும் அந்தக் கீலும் மட்டும்தான் தெரிந்தன. என் கால் தானாகச் சட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பாப்பா, திருப்பாத. நான்தான் அடிச்சேன்."

யாருக்கும் காதில் விழவில்லை. அவளுக்கு மட்டும் விழுந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"உக்காந்திருந்துச்சு. சாவி அதுக்கு மேல திரும்பல. அப்புறந்தான் அடிச்சேன். சம்மட்டியால."

இந்தத் தரம் எல்லோருக்கும் கேட்டது. மகள் கோபமாக ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள், "எத்தன அடி?" என்று மட்டும் கேட்டாள்.

"இருவது இருக்கும்."

"அப்ப கண்டிப்பா வளைஞ்சிருக்கும். யாராச்சும் இறங்கித் தடவிப் பாக்கணும். ரெண்டு சவுக்குக் கட்ட வேணும். அடியில நெம்பிக் குடுத்தா பாதிப் பாரம் அதுல போயிரும்."

உள்பக்கம் ஆள் மட்டத்துக்கு மேல் தண்ணீர். வெளிப்பக்கந்தான் இறங்க முடியும். ஆனால் பலகை சட்டென்று ஏறினால் உள்ளே கட்டிக் கிடக்கிற தண்ணீர் மொத்தமும் இறங்கினவர் மேல்தான் பாயும். யாரும் நகரவில்லை. வெளிவயல்காரர்தான் சட்டையைக் கழற்றினார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"ரெண்டு நாளா எங்க வூட்டு வாசல்ல நின்னு ஏசுனாங்க. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க, அக்கா?"

"இருந்தேன்."

அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தண்ணீருக்குள் பலகையை ஒட்டி ராடைக் கையால் தடவினார். "இருக்கும்மா, வளைவு இருக்கு. என் வலப்பக்கமாத் தள்ளியிருக்கு" என்றார். "ரொம்ப இருக்கா மாமா?" என்று மகள் கேட்டாள். "ஒரு விரல் அளவுதான்."

கட்டைகளைப் பலகைக்கு அடியில் கொடுத்தார்கள். ஒன்றை அவர் பிடித்தார். இன்னொன்றைக் கரையிலிருந்து மூன்று பேர் அழுத்தினார்கள். மகள் கால் சுற்று திருப்பினாள். நிறுத்தினாள். கீலைப் பார்த்தாள். மறுபடி கால் சுற்று. இரும்பு முனகியது. மூடின வாயில் நூல் அளவு இடைவெளி விழுந்ததை நான் பார்த்தேன். "பாப்பா!" என்றேன். "தெரியுதும்மா, தள்ளி நில்லு" என்றாள். போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேலே என் மகள் முகம். கீழே, நான் திட்டு வாங்க விட்ட மனிதர். எந்தச் சாமியையும் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

பலகை இரண்டு விரல் ஏறியது. அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பியது. அவர் தடுமாறி விழுந்தார். தலை ஒரு நொடி காணவில்லை. பத்தடி தள்ளி ஒரு கோரைப் புதரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சேற்றைத் துப்பிவிட்டு, "கொஞ்சங் கொஞ்சமாத் தூக்குங்கய்யா, அந்தாண்ட என் பயிரும் இருக்கு!" என்று கத்தினார். கொழுந்தனார்தான் ஓடிப்போய்க் கை கொடுத்தார்.

நாலு விரல் அளவில் மகள் நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் கீல் தாங்காது என்றாள். அது போதும். சாயங்காலம் வரை நான் அந்த நட்டை விட்டு நகரவில்லை. பொழுது சாய்கிற நேரம் எங்கள் வயலில் பயிர் நுனி தெரிந்தது. மஞ்சளாக, மண் படிந்து, ஆனால் நின்றது. அவருடைய வயலில் எட்டில் ஒரு பங்கு பயிர் சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் நான் தனியாக நடந்ததே இல்லை. கரையில் சொன்னது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவரை ஏசியது அவர் வாசலில். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். டீக்கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். திரும்பிவிடலாம் என்றுதான் கால் சொன்னது.

அவர் மனைவி வெளியே வந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஷட்டரை அடித்தது நான்தான், உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கேக்கல" என்றாள். "அன்னிக்கு ஏசுனவங்கள்ளாம் இந்தத் தெரு பூராக் கேக்கத்தான் ஏசுனாங்க. நீங்களும் சத்தமாச் சொல்லுங்க."

முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தமாகச் சொன்னேன்.