மைக் அக்காவின் போட்டோ ஸ்டாப்

மைக்கை விரல் நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க, எறங்குங்க! இது நம்ம ஸ்பெஷல் போட்டோ ஸ்டாப். இந்த வெளிச்சம் போனா திரும்பக் கிடைக்காது!" என்று அறிவிக்கிறார் மைக் அக்கா. ஜன்னலுக்கு வெளியே இருப்பது ஒரு சிமென்ட் கிடங்கும் அதை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்கும்தான். பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் இறங்கி, கிடங்குக்கு முன்னால் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். முதல் படம் எடுப்பதற்குள் அக்கா பங்கின் பின்பக்கம் போய் மறைந்துவிடுவார். அங்கேதான் கழிப்பறை.

சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி வேலை. அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை என்பது ஊரறிந்த விஷயம். வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவர், "பக்கத்துலதானே இருக்கேன், எதுக்குத் தெருவுக்கே சொல்ற?" என்று அடிக்கடி கேட்பார். "தொழில் பண்ற தொண்டைங்க, வீட்டுக்கு வந்தா சுருங்கிடுமா?" என்பார் அக்கா, அதே குரலில்.

பயணிகளின் வயிற்றைப் பற்றி அக்காவுக்குத் தனி அக்கறை. வண்டி கிளம்பியதும் முதல் அறிவிப்பே அதுதான்: "மூடி போட்ட தண்ணி, ஆவி பறக்குற சாப்பாடு, தோல் உரிக்கிற பழம். வேற எதையும் வாய்ல வைக்காதீங்க. மீறி வச்சிட்டு ராத்திரி என் கதவைத் தட்டினா, மாத்திரையும் தருவேன், திட்டும் தருவேன்." இரண்டையும் வஞ்சனையில்லாமல் கொடுப்பார். யாருக்காவது காய்ச்சலோ ரத்தமோ என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவதும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவரையே கவிழ்த்தது ஒரு மலை ஊற்று. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், "இந்தத் தண்ணியக் குடிச்சா வயசு குறையும்னு சொல்வாங்க" என்று ஒரு கதை அளப்பது அவர் வழக்கம். போன மாதம் ஒரு பயணத்தில் ஒரு பொல்லாத பெண்மணி, "நீங்க குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. இல்லை என்றால் இத்தனை வருடக் கதையும் காற்றில் போய்விடும். அக்கா குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்து, "தேன் மாதிரி இருக்கு!" என்றார். வயது குறைந்ததோ இல்லையோ, அன்றிலிருந்து இடுப்பு குறைய ஆரம்பித்தது.

ஊர் திரும்பியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. வயிறு உப்பும், கடமுடவென்று பேசும், பிறகு ஓட்டம். பயண நாட்களில் தன் முதலுதவிப் பையிலிருந்து அடைக்கிற மாத்திரையைப் போட்டுக்கொள்வார். பகல் முழுவதும் வெறும் ரொட்டியைக் கடித்துச் சமாளிப்பார். வயிறு அடங்கியதும், "பாத்தியா, சரியாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மாத்திரையின் வேகம் இறங்கியதும் போட்டோ ஸ்டாப்தான். இப்படியே வாரங்கள் ஓடி, ஒரு மாதம் ஆகப்போகிறது. வேடிக்கை என்னவென்றால், பயணிகள் எல்லோரும் அந்த ஸ்டாப்புகளை வாயாரப் புகழ்ந்துவிட்டார்கள். 'அவசரப்படுத்தாமல் கூட்டிப்போகிறார்கள்' என்று பெயர் வந்துவிட, மற்ற வண்டிகளும் சிமென்ட் கிடங்கில் நிற்க வேண்டும் என்று அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது.

கணவரை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. வேலைக்குப் போடும் சீருடைக் கால்சட்டை தொளதொளவென்று ஆனதும், "கொஞ்சம் பிடிச்சுத் தாங்க, துணி நைஞ்சு போச்சு" என்று கொடுத்தார் அக்கா. அவரும் பிடித்துக் கொடுத்தார். சில நாள் கழித்து மறுபடியும் அதே கால்சட்டை வந்தது. மனிதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மனைவியின் இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைப் போட்டுப் பார்த்தார். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை.

"துணி நைஞ்சா இடுப்பா எளைக்கும்? எனக்குக் காது குத்தாத. டாக்டர்கிட்ட போ."

"சீசன் முடியட்டுங்க."

"அதுக்குள்ள நீ முடிஞ்சிடுவ போலிருக்கே" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சீசன்தான் விஷயமே. வருடத்தில் ஒருமுறை போகும் பெரிய பயணம் அடுத்த வாரம் கிளம்புகிறது. ஆரம்பத்திலிருந்து அது அக்காவின் வண்டி. இந்த வருடம் அலுவலகத்தில் ஒரு புதுப்பெண் சேர்ந்திருக்கிறாள். கணீரென்று பேசுகிறாள், மூன்று மொழி தெரிகிறது, ராப்பகலாக ஓடுகிறாள். உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மைக் அவள் கைக்குப் போய்விடும், போனது திரும்பி வராது என்ற பயம் அக்காவின் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்கெனவே அங்கே ஆயிரம் கலக்கம். கூடவே வெட்கமும். பேருந்து முழுக்கக் கேட்கும்படி மற்றவர்களின் பேதியைப் பற்றிப் பேசும் வாய்க்கு, தன்னுடையதைச் சொல்ல மட்டும் வார்த்தை வரவில்லை.

நேற்றைய பயணத்தில் ஒரு புதுமாப்பிள்ளை வந்திருந்தார். காலையிலிருந்து முகம் வெளிறிப்போய், மனைவி நீட்டிய எதையும் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். மதியம் அக்காவின் காதோரம் வந்து, "அக்கா, முந்தாநாள்லருந்து வயித்தால போகுது. அவகிட்ட சொல்லல" என்றார்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்கிற விஷயமாய்யா இது? வாங்க!" என்று அவரை இழுத்துக்கொண்டு வழியில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குள் நுழைந்தார் அக்கா. "தம்பி, வண்டிய நிழல்ல போடு, இதோ வந்துடுறோம்" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தது உள்ளே இருந்த நோயாளிகளையும் எழுப்பியது.

மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மாப்பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்து, வயிற்றை அமுக்கி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, குடிக்கிற தண்ணீர் தங்குகிறது.

"பயப்பட ஒண்ணுமில்ல. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் தரேன், கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சிட்டே இருங்க. பயணத்துல வர்றதுதான், ரெண்டு மூணு நாள்ல பெரும்பாலும் தானா நின்னுடும்."

"எப்ப டாக்டர் பயப்படணும்?" என்றார் மாப்பிள்ளை.

"ரத்தம் போனா, காய்ச்சல் ஏறினா, நாக்கு வறண்டு தலை சுத்துனா அன்னிக்கே வந்துடணும். அது எதுவும் இல்லாட்டியும், ரெண்டு வாரத்தத் தாண்டி இழுத்தா வரணும். ஒடம்பு எளைச்சுக்கிட்டே போனா கண்டிப்பா வரணும். உள்ள ஏதாவது கிருமி குடியேறியிருக்கலாம். மலத்தைப் பரிசோதிச்சு, என்னன்னு பாத்து மருந்து கொடுத்தாத்தான் அது காலி பண்ணும். சில பேரு அடைக்கிற மாத்திரையாப் போட்டுக் கதவைச் சாத்திடுவாங்க. அது உள்ளயே சௌக்கியமா இருக்கும்."

மாப்பிள்ளைக்கு உயிர் வந்துவிட்டது. சுவரோரம் நின்றிருந்த அக்காவுக்குக் காதெல்லாம் சூடேறியது. வாரக்கணக்கா? ஆமாம். இளைப்பா? ஆமாம். மாத்திரையா? ஆமாம், ஆமாம். தனக்கென்றே யாரோ சொல்லி வைத்தது போல இருந்தது. பயமாக இருந்தது, அதைவிட, இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் போல இருந்தது.

வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு எழுந்து, "வாங்கக்கா, போலாம்" என்றார்.

"நீங்க முன்னால போங்க தம்பி."

"எல்லாரும் காத்துட்டிருக்காங்களே?"

"இருக்கட்டும்" என்றார் அக்கா. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தினார். ஹாரன் மறுபடியும் அடித்தது. சூடு ஆறாத அந்த ஸ்டூலை மருத்துவரின் மேசையோரம் இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, நாக்கை நீட்டினார்.