குளியலறை ஜன்னலில் ஒரு துவாய்

எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய 2023ஆம் ஆண்டுக் காலண்டரில், ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "காஸ் ஹீட்டர் சுவரில் பூட்டியாயிற்று. ஜன்னலை மூடக் கூடாது." இரண்டாவது வாக்கியத்தின் கீழே கோடும் போட்டிருக்கிறேன். அடுத்த மாதத்துத் தாளில், ஒரு புதன்கிழமையில், "கழற்றியாயிற்று" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இடையில் நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதையும் சம்பந்தி வீட்டில் ஒரு கதையும் வழங்கி வருகின்றன. இரண்டையும் நான் நம்பவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். மகள் மணமாகிப் போனது வெள்ளவத்தையில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம் ஒன்றுக்கு. கல்யாணம் தேவாலயத்திலா மண்டபத்திலா என்று தொடங்கிய சண்டை, இரண்டு இடத்திலும் கல்யாணம் நடந்த பிறகும் ஓயவில்லை. இரு வீட்டாரும் தகராறில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், முதற்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள் என்பது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று அதுவும் ஆட்டங்கண்டது. அவர் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

"என்ன சம்பந்தி, பச்சைத்தண்ணி வருது?"

"பைப்பில வேற என்ன வரும்?"

"எங்கட ஃபிளாட்டில சுடுதண்ணி வரும். பிள்ளை பெத்த உடம்புக்குப் பச்சைத்தண்ணி வார்க்கேலாது. அவள் எங்களோடையே நிக்கட்டும். நீங்கள் வந்து பாத்திட்டுப் போங்கோவன்."

வந்து பார்த்துவிட்டுப் போவதாம். நாங்கள் பெற்ற பெண்ணை, விருந்தாளிகளாகப் போய், அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வருவது. அடுப்பில் சுடவைத்து ஊற்றுவேன் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரசவத்துக்குமுன் வீட்டில் ஹீட்டர் இல்லையென்றால், மகளும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வெள்ளவத்தைக்குத்தான்.

ஹீட்டர் வாங்குவதென்று முடிவானது. எந்த ஹீட்டர் என்பதில் என் மனைவியும் நானும் எதிரிகளானோம். 2021 கடைசியில் வீடுகளில் காஸ் வெடித்ததாக வந்த செய்திகளை அவள் மறக்கவில்லை. 2022இல் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்துச் சோறு வைத்ததை நான் மறக்கவில்லை. அவளுக்கு மின்சார ஹீட்டர், எனக்கு காஸ். இருவரும் போன தடவை பட்ட சூட்டுக்கு இந்தத் தடவை மருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

"கரண்ட் இல்லாத நேரம் பிள்ளைக்கு என்ன செய்வ?" என்றேன்.

"காஸ் வெடிச்சா நீங்க என்ன செய்வீங்க? அதையும் திகதி போட்டு எழுதி வைப்பீங்களா?"

எங்கள் சச்சரவைத் தீர்த்தது வீட்டின் வயர். அது என் தந்தை காலத்து வயர். கேத்தலும் அயன்பெட்டியும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வீடே இருண்டுவிடும். வந்து பார்த்த மின்வேலைக்காரர், சுவரை உடைத்துத் தனியாக ஒரு லைன் இழுக்காமல் மின்சார ஹீட்டரை நினைத்தும் பார்க்கக் கூடாது என்றார். பிரசவத்துக்குமுன் அது முடிகிற வேலையில்லை. ஆகவே காஸ்.

காஸ் எரியக் காற்று வேண்டும் என்றும், காற்றுப் போதாமல் எரிந்தால் மணமோ நிறமோ இல்லாத ஒரு நச்சுவாயு உண்டாகும் என்றும் வாசித்திருந்தேன். கடைக்காரரிடம் புகைக்குழாய் வைக்க வேண்டாமா என்று கேட்டேன். ஏதோ பிச்சை கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, அவர் சிங்களத்தில் சொன்னார். "பிரஷ்னயக் நே, மாத்தயா. ஜனேலய எரலா திப்பாம ஹரி." பிரச்சினையில்லையாம், ஜன்னல் திறந்திருந்தால் போதுமாம். அப்படியானால் ஹீட்டரைக் குளியலறைக்கு வெளியே பூட்டலாமா என்று பூட்ட வந்தவரிடம் கேட்டேன். வெளிச்சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் ஆணி அடிக்கவும் விடமாட்டார். இருபது வருடமாக எங்களோடு பேசாத மனிதர். ஆகவே ஹீட்டர் உள்ளேயே, கண்ணாடித் தட்டுகள் அடுக்கிய அந்தச் சிறு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏறியது. காலண்டரில் கோடு போட்டது அன்றுதான். குளியலறைக் கதவிலும் அதையே எழுதி ஒட்டினேன்.

சம்பந்தி அம்மா வந்து பார்த்தார். குழாயைத் திறந்தார். சுடுதண்ணீர் வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது வெறும் சுடுதண்ணி. இலை போட்டு அவிச்சு வார்த்தாத்தானே உடம்பு தேறும். உங்கட ஆக்களுக்கு அது விளங்காது. நானே வந்து வார்க்கிறன்."

பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தினமும் காலையில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, நொச்சியும் வேப்பிலையும் பாவட்டையும் நிறைந்த பையோடு சம்பந்தி அம்மாவும் வந்தார். எங்கள் அடுப்பில் இலையை அவித்து, ஹீட்டர் தண்ணீரில் கலந்து, எங்கள் மகளைக் குளிக்க வார்த்தார். என் மனைவி ஈரம் துடைக்கத் துவாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என் வீட்டுல நான் வேலைக்காரி," என்றாள் என்னிடம். "நல்லா இருக்கா?"

ஜன்னல் சண்டை முதல் நாளே வந்தது.

"யன்னலை மூடுங்கோ. காத்துப் பட்டாச் சன்னி வரும்."

"மூடினா ஆள் செத்துப்போவா," என்றேன் வெளியிலிருந்து.

"பிள்ளை பெத்த வீட்டில கதைக்கிற கதையே இது? வாயில நல்ல சொல்லொண்டும் வராதோ சம்பந்தி?"

"டாடி, அங்கால போங்க! மாமி, தண்ணி ஆறுது!" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஜன்னல் திறந்திருக்கும்; என் மனைவி அதன் முன்னால் நின்று காற்று நேரே படாமல் மறைப்பாள். இரண்டு பெரிய நாடுகள் எல்லையில் காவல் நிற்பதைப் போல அவர்கள் இருவரும் அந்தச் சின்ன அறைக்குள் நின்றார்கள். என்றாலும் அது நடந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் என் மனைவி கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் போவாள். பிரசவம் நல்லபடி முடிந்ததற்கு நேர்ச்சை இருந்தது. செப்டம்பரில் அந்தச் செவ்வாயன்று மழை, ஈரக் காற்று. அவள் போய்விட்டாள். சம்பந்தி அம்மா இலையை அவித்து, மகளையும் கூட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் 'டப்' என்று பற்றியது கேட்டது. தண்ணீர் ஓடியது. வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது போலத் தோன்றியது. பிறகு மகளின் குரல்.

"மாமி, தலை சுத்துது."

"ஒண்டுமில்லை பிள்ளை, முடிஞ்சுது, இன்னும் ஒரு வாளி."

பிறகு விழுகிற சத்தம்.

குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கதவைத் தள்ளினேன். நனைந்த சேலையோடு மகள் தரையில் சாய்ந்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. உள்ளே ஒரே ஆவி. ஆளுக்கொரு கையாகப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தோம். மழைக்காற்று முகத்தில் பட்டதும் கண் திறந்தாள். சன்னி வரும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து ஹீட்டரை நிறுத்தினேன். ஜன்னலின் கண்ணாடித் தட்டுகள் மூடியிருந்தன. இடுக்குகளில் எங்கள் நீலத் துவாயை யாரோ நன்றாகத் திணித்திருந்தார்கள்.

குழந்தையையும் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் வரிசை நகரவே இல்லை. மனைவி நேர்ச்சை மெழுகுதிரி மணக்கும் கையோடு ஓடி வந்தாள். கடைசியில் ஒரு டொக்டர் பார்த்தார். மகளுக்கு இரத்தக்குறைவு என்றார். அந்த உடம்போடு சூடான தண்ணீரில் அதிக நேரம் நின்றாலும் மயக்கம் வரலாம், அடைத்த அறையில் காஸ் எரிந்தாலும் வரலாம் என்றார். உடனே வந்திருந்தால் அந்த நச்சுவாயு இரத்தத்தில் ஏறியிருந்ததா என்று சோதித்துப் பார்த்திருக்கலாம். வெளிக்காற்றில் இவ்வளவு நேரம் இருந்த பிறகு பார்த்தாலும் தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார். சோதிக்கவில்லை.

வெளியே, வாங்குப் பலகையில் இருந்தபடி கேட்டேன். "துவாயை வச்சது யாரு?"

"ஓம், நான்தான் அடைச்சனான்," என்றார் சம்பந்தி அம்மா, என் கண்ணை நேரே பார்த்து. "பிள்ளை குளிரில நடுங்கினவள். உங்கட ஹீட்டர் ஆக்களைக் கொல்லுமெண்டால் ஏன் பூட்டினனீங்கள்?"

"கதவில எழுதி ஒட்டியிருக்கேனே!"

"நீங்கள் எல்லாத்தையும் எழுதுவியள். அவளுக்கு இரத்தமில்லை. இந்த வீட்டில அவளுக்கு என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்? அதை எழுதினனீங்களோ?"

என் மனைவி எழுந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சக்கர நாற்காலியிலிருந்த மகள் பேசினாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா? நான் பிள்ளைக்குப் பால் குடுக்கணும்."

அன்று மாலை மாப்பிள்ளை வந்து மனைவியையும் பிள்ளையையும் வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மின்சார ஹீட்டர். மகள் மறுக்கவில்லை. அந்தக் குளியலறைக்குள் தன்னால் இனிப் போக முடியாது என்று தாயிடம் சொன்னாளாம். என்னிடம் அதையும் சொல்லவில்லை.

மறுநாள் புதன்கிழமை. தீ நீலமாக எரிகிறதா மஞ்சளாக எரிகிறதா என்று விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கவேண்டும் என்று அவரைத் தேடிப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சுவரில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தாராம். என் மனைவி கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"இன்னொரு நாள் வச்சுப் பார்க்கணுமா உங்களுக்கு?" என்றாள்.

அடுத்த ஆண்டு சுவரை உடைத்துப் புது வயர் இழுத்தோம். இப்போது எங்கள் வீட்டிலும் மின்சார ஹீட்டர் இருக்கிறது. மகள் ஞாயிறுகளில் பிள்ளையோடு வருகிறாள், குளித்துவிட்டே வருகிறாள். நாங்கள் வெள்ளவத்தைக்குப் போனால் சம்பந்தி அம்மா தேநீர் தருகிறார். அவர் வீட்டுக் கதையில் இரத்தக்குறைவும் எங்கள் சாப்பாடும். எங்கள் வீட்டுக் கதையில் அந்த நீலத் துவாய்.

துவாய் இருந்தது உண்மை, நான் கண்டேன். இரத்தம் குறைந்திருந்ததும் உண்மை, அறிக்கை இருக்கிறது. அன்று அந்த அறைக்குள் நச்சுவாயு சேர்ந்திருந்ததா என்பதை யாரும் சோதிக்கவில்லை. அது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாதது.