கட்டுப் போட்ட கால்

என் வலது கணுக்கால் கபடி ஆடும்போது சுளுக்கியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். கச்சிராயபாளையம் டவுன் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் சீட்டுக்குப் பாய்ந்தேன், படியில் கால் மடங்கி விழுந்தேன். சீட்டும் கிடைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நைனார்பாளையத்தில் இறுதி ஆட்டம். அதைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்குப் பெண்களை எடுப்பார்கள். காலேஜில் சேர்ந்த நாள் முதல் எனக்கு அந்த ஜெர்சி மேல்தான் கண். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வுதான் இழுத்திருக்கிறது, ஆனால் இந்த மாதம் முழுக்க மைதானம் பக்கமே போகாதே என்றார் டாக்டர். அவருக்கென்ன, ஜெர்சியா போடப் போகிறார்?

கரும்பு வெட்டிவிட்டு வந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு அரிவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாடி, பூசணிக்கா மாரி வீங்கிக்கினு கீது. இத்தோட ஆடப் போனா காலே பூடும்."

அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றேன்.

உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். எதிர் டீமில் ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர்காரி கணுக்காலைப் பிடிப்பதில் பொல்லாதவள். வீக்கத்தில் அவள் கை பட்டால் என் கதை முடிந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். கிரேப் பேண்டேஜை நல்ல காலில், இடது காலில், கனமாகச் சுற்றிக்கொண்டேன். அடிபட்ட கால் என்று நினைத்து அதைத்தானே பிடிப்பாள், பிடிக்கட்டும். வலித்தது வலது, நொண்டிக் காட்டியது இடது. நடிப்புக்குக் கோப்பை கொடுத்திருந்தால் எனக்குத்தான்.

முதல் ரைடு. பாடிக்கொண்டே போய் இடது காலை அவள் முன்னால் நீட்டினேன். பார்த்தாள், பிடிக்கவில்லை. இன்னும் நீட்டினேன். ஒதுங்கிக்கொண்டாள். இதென்ன வம்பு என்று நான் திரும்பியதுதான் தாமதம், வலது கணுக்காலைப் பிடித்தாள் பாருங்கள், கபடி கபடி என்று பாடிய வாய் அம்மா அம்மா என்றது.

என்னைத் தூக்கி வந்து வெளியே உட்கார வைத்ததும் அவள்தான். முகம் வாடியிருந்தது.

"கட்டுப் போட்ட கால்ல கை வெக்க மனசு வரலக்கா. அதான் நல்ல காலாப் பாத்துப் புடிச்சேன்."

ஆட்டம் முடிந்ததும் மைக்கில் மாவட்ட அணிக்கான பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவள் ஓடி வந்து, என் இடது காலை மடியில் எடுத்து வைத்துப் பதமாக நீவிவிட்டாள்.